பரிந்துரைக் கடிதத்தின் கடைசி வரி

மருத்துவத்தையும் ஆராய்ச்சியையும் சேர்த்து எட்டு வருடம் படிக்கிற படிப்புக்கு விண்ணப்பிப்பவருக்கு மூளை இருக்கிறதா என்பது பெரிய கேள்வியே இல்லை. அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து எழுதினால் தீர்ந்தது. இந்த ஆள் நல்ல ஆள் என்று எழுதிக் கொடுக்க எத்தனை பெரிய மனிதர்கள் கிடைப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவருடைய தகுதியை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் இந்த முறையை மருத்துவக் கல்லூரிகள் வெகுகாலமாகப் போற்றி வருகின்றன.

ரூத் ஹேகனுக்கு இருபத்துநான்கு வயது. தெற்கு மினசோட்டாவில் பால் லாரி ஓட்டுகிறவரின் மகள். அவளுடைய ஊரில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமானால் "மோசமில்ல" என்பார்கள். நெஞ்சு நிறைந்து பாராட்ட வேண்டுமானால் ஒன்றும் சொல்லாமல், உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு அடுப்பில் வேகவைத்ததை ஒரு தட்டோடு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரி, மினியாபொலிஸ் நகரத்துக்கு வந்து, ஆற்றங்கரைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆல்ட்ரிச்சின் சிறுநீரக ஆய்வகத்தில் நான்கு வருடங்களாக எலிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். எலியின் வால் நரம்பில் முதல் குத்திலேயே ஊசி ஏற்ற அந்தத் தளத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

பட்டம் வாங்கிய அன்றே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டியவள். ஆல்ட்ரிச்தான் தோளில் தட்டி நிறுத்தினார்.

"இன்னும் ரெண்டே வருஷம் இரும்மா ரூத். நீ கிளம்புறப்போ நான் குடுக்கிற கடிதத்தைப் பார்த்துட்டு, காலேஜ்காரங்க வாசல்ல வந்து நின்னு உன்னைத் தூக்கிட்டுப் போவாங்க. என் வார்த்தை."

அந்த வார்த்தையை நம்பி அவள் இரண்டு வருடம் இருந்தாள். அவளுடைய எட்டு வருடப் படிப்பும், அதற்கப்புறம் வரப்போகிற முழு வாழ்க்கையும் அந்த ஒரு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு குழு உண்டு. பெயர், கடித வழிகாட்டுக் குழு. அதன் இயக்குநர் கேரலின் பெக் அம்மையார் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. யாரிடம் கடிதம் கேட்கலாம் என்று சொல்வதற்காக மட்டும் மூன்று உதவியாளர்களோடு ஒரு மாடி முழுக்க உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க, யார் யாரைக் கேக்கப் போறீங்க?"

"மிலேனா பெட்ரோவா. எங்க லேப்ல மூத்த ஆராய்ச்சியாளர், பல்கேரியாக்காரங்க. எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது அவங்கதான்."

"பேராசிரியரா?"

"இல்ல."

பெக் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்க, உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அங்க எல்லாருக்கும் தெரிஞ்சவங்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்க பிடிக்க வேண்டியது ரெண்டாவது ரகத்தை."

"என்னைத் தெரியாதவங்க என்னைப் பத்தி என்ன எழுதுவாங்க?"

"அதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் புகார் சொன்னதில்ல."

பிறகு சுவரிலிருந்த ஒரு பட்டியலைக் காட்டினார். கடிதத்தில் வரும் சொற்களுக்கு அங்கே தனி அர்த்தம். 'நல்லவர்' என்றால் ஆபத்தானவர். 'மிக நல்லவர்' என்றால் எங்களுக்கும் வருத்தம்தான். 'கடின உழைப்பாளி' என்றால் மூளை கொஞ்சம் மட்டு. 'என் வாழ்நாளில் கண்ட முதல் மூவரில் ஒருவர்' என்றால்தான் சராசரி. ஒரே பேராசிரியர் போன வருடம் மட்டும் பதினொரு பேரை முதல் மூவரில் சேர்த்திருந்தார் என்று பெக் அம்மையார் பெருமையோடு சொன்னார்.

"ஆல்ட்ரிச் கடிதம் கட்டாயம். ஆராய்ச்சி பண்ணின லேபோட தலைவர்கிட்ட வாங்கலேன்னா, ஏன் வாங்கலேன்னு கேப்பாங்க. அவர் வேண்டாம்னு முடிவு பண்றதுக்கு உங்களுக்கு முழு சுதந்திரம் இருக்கு. அந்த சுதந்திரத்தைப் பயன்படுத்தினவங்க யாருக்கும் இடம் கிடைச்சதில்ல, அவ்வளவுதான்."

கடைசியாக ஒரு படிவத்தை நீட்டினார். தன்னைப் பற்றி எழுதப்படும் கடிதங்களைப் படிக்க மாணவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"உரிமைன்னு சொல்றீங்க, அதை ஏன் விட்டுக்கொடுக்கணும்?"

"வெச்சுக்கிட்டா உங்க கடிதத்தை யாரும் நம்ப மாட்டாங்க. எல்லாம் உங்க நன்மைக்குத்தாம்மா. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படலாம் இல்லையா?"

ரூத் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது கடிதத்துக்கு டாக்டர் ஹார்லன் ஸ்டோக்ஸ் என்று முடிவானது. இதய அறுவையில் பெரும்புள்ளி. ஒரு கோடை முழுக்க ரூத் அவர் பின்னாலேயே நடந்து நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். அவர் திரும்பித்தான் பார்த்ததில்லை. அவருடைய செயலாளர், ஸ்டோக்ஸிடம் கடிதம் கேட்க விரும்புகிறவர்கள், கேட்பதற்குத் தகுதியானவர்கள்தான் என்று இரண்டு பேரிடம் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும் என்றாள். பேராசிரியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். மிலேனா ஒன்று எழுதினாள். ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவும் வால்டர் ஒன்று எழுதினார். அந்த இரண்டு கடிதங்களிலும் ரூத் உயிரோடு இருந்தாள். முதல் எலி செத்தபோது அவள் அழுததும், அழுதுகொண்டே அளவுகளைச் சரியாகக் குறித்ததும்கூட அவற்றில் இருந்தன. செயலாளர் இரண்டையும் வாசித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டு, ரூத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினாள்.

ஸ்டோக்ஸ் கைகுலுக்கினார். "நான் எல்லாருக்கும் ஒரே கடிதம்தான் குடுப்பேன். பேரை மட்டும் மாத்துவோம். முப்பது வருஷமா ஒருத்தருக்கு ஒரு கமா கூடக் கூட்டிக் கொடுத்ததில்ல. பாரபட்சம் எனக்குப் பிடிக்காது பாருங்க."

பதினாலு நிமிடம் மிச்சம் இருந்தது. அதில் அவர் தன்னுடைய படகைப் பற்றிப் பேசினார்.

இந்தக் கூத்தையெல்லாம் ரூத் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், அசல் கடிதம் ஒன்று வரப்போகிறது என்கிற நம்பிக்கைதான். ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவள் ஆல்ட்ரிச்சின் அறைக் கதவைத் தட்டினாள்.

"கடிதமா! சந்தோஷமாத் தர்றேன்," என்றார் அவர். "நீ எழுதிக் கொண்டா."

"நானா?"

"பின்ன? உன்னைப் பத்தி உன்னை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு? என் குரல்ல எழுது. கொஞ்சம் கம்பீரமா, கொஞ்சம் பாசமா. என் விருதுகளை மறந்துடாதே, எழுதினவன் யாருன்னு தெரிஞ்சாத்தான் எழுதினதுக்கு மதிப்பு."

மோசமில்லை என்பதையே பெரிய புகழ்ச்சியாகக் கேட்டு வளர்ந்தவள் மூன்று நாள் உட்கார்ந்து, 'ரூத் ஹேகன் நேரத்துக்கு வருவார். பாத்திரங்களைச் சுத்தமாக வைத்திருப்பார்' என்று இரண்டு வரி எழுதினாள். மதியச் சாப்பாட்டு மேசையில் அதை வாசித்த மிலேனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"ஏண்டி, நீ டாக்டராகப் போறியா, இல்ல ஹோட்டல்ல தட்டு கழுவப் போறியா? தள்ளு, நான் சொல்றேன், நீ டைப் பண்ணு."

மிலேனா சொல்லச் சொல்ல ரூத் காது சிவக்க அடித்தாள். சிறுநீரகத்தில் ரத்தம் நின்றபின் எந்த செல் முதலில் சாகிறது என்று எல்லோரும் ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்க, ரூத் மட்டும் மறுபக்கம் தேடியது, கண்டுபிடித்தது, கண்டுபிடித்ததை ஆறு மாதம் தானே சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி சோதித்தது. எல்லாம் நடந்தவை.

"இதெல்லாம் சொல்லிக்கலாமா மிலேனா?"

"நீ சொல்லல. அவர் சொல்றாரு. உனக்கென்ன வந்தது?"

சொந்தத் தாய்கூடத் தன்னை இப்படிக் கவனித்ததில்லை என்று ரூத்துக்குத் தோன்றியது. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆல்ட்ரிச் வாசித்துவிட்டு, தன்னைப் பற்றிய பத்தி சுருக்கமாக இருப்பதாகக் குறைப்பட்டார். ரூத் அதை ஒன்றரைப் பக்கமாக்கினாள். "பிரமாதம். மிலேனாகிட்ட குடுத்துடு, அவ அனுப்பிடுவா," என்றார். அவருடைய கையெழுத்து ஒரு படமாக மிலேனாவின் கணினியில் இருந்தது. கடிதங்களின் அடியில் அதை ஒட்டி அனுப்புவது மிலேனாவின் வேலை.

அங்கேதான் ரூத்துக்கு மனசாட்சி உறுத்தியது. நேராகப் பெக் அம்மையாரிடம் போனாள்.

"கடிதத்தைப் பார்க்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆனா அதை எழுதினதே நான்தான்."

பெக் அம்மையார் துளிக்கூட அதிரவில்லை. "எழுதுறப்போ நீங்க எழுதுறவர். பார்க்கிறவர் இல்ல. இது எங்க குழு பதினாலு மாசம் விவாதிச்சு எடுத்த முடிவு."

"எழுதினா கண்ணுல படுமே."

"படலாம். உங்க கையை விட்டுப் போன அப்புறம்தான் படக்கூடாது. அதுக்கப்புறம் அதுல யார் என்ன பண்ணினாலும் உங்களுக்குத் தெரியக்கூடாது. அதுதான் இந்த முறையோட நேர்மை."

பதினெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போனது. செப்டம்பர் போனது, மேப்பிள் இலை உதிர்ந்தது, ஏரி உறைந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. பரீட்சையில் அவளைவிட எவ்வளவோ குறைந்த மதிப்பெண் வாங்கிய பையன்கள் புதுக் கோட்டு தைத்துக்கொண்டு நேர்காணலுக்கு விமானம் ஏறினார்கள். ஜனவரியில், ஒகையோவில் ஒரே ஒரு கல்லூரி அழைத்தது.

அவளை நேர்கண்டவர் ஐரீன் காஸ்ட்னர் என்ற மூத்த மருத்துவர். அரை மணி நேரம் சிறுநீரகத்தைப் பற்றியே பேசிவிட்டு, திடீரென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆல்ட்ரிச்சை ஏன் கடிதத்துக்குத் தேர்ந்தெடுத்தே?"

"வேற வழியில்ல டாக்டர். அது கட்டாயம். ஆனா அவர் நல்லாத்தான்... நல்லாத்தான் எழுதியிருப்பாரு."

காஸ்ட்னர் மேசையிலிருந்த அவளுடைய கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். "நான் இதைச் சொல்லக்கூடாது. ஆனா உன்கூட அரை மணி நேரம் பேசின அப்புறம் சொல்லாம இருக்கவும் முடியல." கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மட்டும் வாசித்தார்: "'ஆயினும் ரூத்தின் உண்மையான பலம் பிறர் வகுத்த பாதையைக் கச்சிதமாகப் பின்பற்றும் அவரது கைகளே, தற்போதைய பணியிலேயே அவர் மிகச் சிறப்பாக மிளிர்வார் என்பது என் உறுதியான கருத்து.'"

அந்த வரி ரூத் எழுதியதல்ல.

"மேல இருக்கிறதெல்லாம் உன்னைத் தெரிஞ்ச ஒருத்தர் எழுதினது. இந்த வரி, நீ இல்லாம முடியாதவர் எழுதினது. அது சரிதானான்னு பார்க்கத்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னேன். ஆனா குழுவுல பன்னிரண்டு பேரும்மா. மத்தவங்க அந்த வரிக்கு அடியில கோடு போட்டிருக்காங்க."

இரண்டு வாரத்தில் அந்தக் கல்லூரியும் வருந்தி மறுத்துவிட்டது. ரூத் ஆல்ட்ரிச்சின் அறைக்குள் தட்டாமலே நுழைந்தாள். அவர் மறைக்கவெல்லாம் இல்லை. மறைக்க வேண்டிய காரியம் செய்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"நல்லாத்தானே சொல்லியிருக்கேன்! பலம்னு சொல்லியிருக்கேன், மிளிர்வார்னு சொல்லியிருக்கேன். முப்பது வருஷத்துல எந்தக் கைக்கும் நான் இப்படி எழுதச் சொன்னதில்ல."

"நீங்க வார்த்தை குடுத்தீங்க."

"குடுத்தேன். அதனாலதான் மூணு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். யோசிச்சுப் பாரு, அடுத்த வருஷம் எங்க ஆராய்ச்சி மானியம் புதுப்பிக்கணும். அந்த வால் நரம்பு வேலையை வேற யாரு பண்ணுவா? ஒருத்தர் தேவைப்படாதவன் அவரைப் புகழ்ந்து அனுப்பிடுவான். தேவைப்படுறவன்தான் பிடிச்சு வெச்சுப்பான். இதுல யாருக்கு உன் மேல மதிப்பு அதிகம், சொல்லு?" சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அதோட, நான் கடிதமெல்லாம் எழுதுறதில்லம்மா. கடைசியில ஒரு வரி சேர்னு சொன்னேன். வார்த்தை மிலேனாவோடது."

மிலேனா நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரூத்தின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவரு பின்னால வந்து நின்னாரு ரூத். என் நாற்காலிக்குப் பின்னால. சொல்லிக்கிட்டே நின்னாரு. என் கிரீன் கார்டு விண்ணப்பம் அவர் கையில இருக்கு, உனக்கே தெரியும். பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். அவரு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த மாசம் பல்கேரியாவுக்கு மூட்டை கட்டணும். நான் என்னடி பண்ண முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்வேன்? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

பத்து நாள் ரூத் தனியாகச் சாப்பிட்டாள். பதினோராம் நாள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மிலேனாவின் எதிரில் உட்கார்ந்தாள். பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு மனுஷி என்னதான் செய்ய முடியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரவும் பகலும் சொல்லிக்கொண்டதில் அதைக் கிட்டத்தட்ட நம்பியும்விட்டாள். கோபத்தை எல்லாம் திரட்டி ஆல்ட்ரிச்சின் மேல் மட்டும் வைத்தாள். அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏப்ரலில் பனி உருகியது. ஆல்ட்ரிச் ரூத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மிலேனாவோட கிரீன் கார்டுக்கு வக்கீல் என்கிட்ட கடிதம் கேக்கிறாரு. இவ எவ்வளவு பெரிய விஞ்ஞானி, இந்த நாட்டுக்கு எவ்வளவு அவசியம்னு எழுதணுமாம். அவளையே எழுதச் சொல்றது நல்லா இருக்காது, அரசாங்க விஷயம். நீ எழுது. உனக்கு என் குரல் நல்லா வருது."

ரூத் மிலேனாவின் கணினியில் உட்கார்ந்து எழுதினாள். இந்தத் தடவை காது சிவக்கவில்லை. மிலேனா கண்டுபிடித்த சாயமிடும் முறை, அதை ஏழு நாட்டு ஆய்வகங்களில் பயன்படுத்துவது, அவள் பயிற்சி கொடுத்த பதினாறு பேர், அந்தப் பதினாறில் தன்னைப் பற்றித் தட்டு கழுவுகிற கதை எழுதிய ஒருத்தியை அவள் நிமிர்த்தி உட்காரவைத்தது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அடித்துவிட்டாள். மற்றதெல்லாம் இரண்டு பக்கம் வந்தது. ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆல்ட்ரிச் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாசித்தார். அவருடைய காபியின் வாசனை அவள் கழுத்தில் அடித்தது.

"நல்லா இருக்கு. ரொம்பவே நல்லா இருக்கு. அதுதான் யோசனையா இருக்கு. கார்டு கைக்கு வந்துட்டா அவளை யாரு பிடிச்சு வைக்கிறது? பாஸ்டன்ல ஏற்கெனவே ஒருத்தன் கண் வெச்சிருக்கான்." விரலால் திரையைத் தட்டினார். "கடைசியில ஒரு வரி சேரு. அவ திறமை எல்லாம் இந்த லேபோட கருவிகளை நம்பித்தான் இருக்குன்னு. மரியாதையாவே சொல்லு."

ரூத்தின் விரல்கள் விசைகளின் மேல் அசையாமல் இருந்தன.

"அடிம்மா. நான் நிக்கிறேன். அடுத்த வருஷம் உனக்கு நானே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதறேன். என் சொந்தக் கையால. நீ ஒரு மாதிரி மட்டும் தயார் பண்ணிக் குடு."

அவள் அடித்தாள். மரியாதையாகவே அடித்தாள். அவர் இரண்டு தடவை வாசித்து, ஒரு கமாவைத் திருத்தச் சொல்லி, அவள் தோளில் தட்டிவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்வாரத்தில் அவருடைய காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அறையில் யாருமில்லை. ரூத் அந்தக் கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். கையெழுத்துப் படத்தை மேலே நகர்த்தி ஒட்டினாள். வக்கீலின் முகவரியைப் போட்டு அனுப்பினாள். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆல்ட்ரிச் அனுப்பிய கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிக்கிறவர் இல்லை. இது அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். பெக் அம்மையாரின் முறை போலத்தான், அனுப்பிய கடிதம் யார் கண்ணிலும் படவும் படாது.

மடியில் கை வைத்துக்கொண்டு அவள் அந்த வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒகையோவிலும் வராத அழுகை, பதினெட்டாவது மறுப்பு வந்த அன்றும் வராத அழுகை, அப்போதுதான் வந்தது.

மிலேனா உள்ளே வந்தாள். "அனுப்பியாச்சா?" என்று கேட்டவள் ரூத்தின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்ன? ஏதாவது சேக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு. பின்னாலயே நின்னாரு."

"சேத்தியா?"

"சேத்தேன். அவர் போனதும் எடுத்துட்டு அனுப்பினேன்."

மிலேனா ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போகிறவள் போலக் கையை நீட்டினாள். ரூத் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"மிலேனா, என் கடிதத்தை அவர் நிக்கிறப்பவே அனுப்பினீங்களா?"

மிலேனா நீட்டிய கையை மெல்ல இறக்கினாள்.

"இல்ல," என்றாள் மிலேனா. "மறுநாள் காலையில."